தொண்டையை இறுக்கிப் பேச வேண்டாம்: பீரியட் டிராமா ஆங்கிலமும் நம் குரலும்

கேர் ஹோமில் நர்ஸாக இருக்கும் தமிழ்ப் பெண் ஒருவர் போன குளிர்காலத்தில் எங்கள் குரல் சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார். வயது ஐம்பதை நெருங்குகிறது. (ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) இரண்டு மாதமாகத் தொண்டை கட்டியபடியே இருக்கிறது, ஷிஃப்ட் முடியும் நேரத்தில் குரலே எழும்புவதில்லை. இ.என்.டி. மருத்துவர் மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்திருந்தார். குரல் நாண்களில் கட்டி இல்லை, புண் இல்லை; பேசும்போது சுற்றியுள்ள தசைகள் மட்டும் தேவைக்கு மேல் இறுகுகின்றன என்று எழுதி அனுப்பியிருந்தார்.

ஆங்கிலத்தில்தான் பேச ஆரம்பித்தோம். தாடை அசையாமல், குரலை அடித்தொண்டைக்கு இறக்கி, ஒவ்வொரு சொல்லையும் அளந்து அளந்து பேசினார். பத்து நிமிடம் கழித்து எந்த ஊர் என்று கேட்டேன். தமிழுக்கு மாறினார். குரலும் கூடவே மாறிவிட்டது. கரகரப்பில் பாதியைக் காணோம்.

"அக்கா, இந்தக் குரல் இவ்வளவு நேரம் எங்க இருந்துச்சு?"

கொஞ்சம் தயங்கினார். "ஷிஃப்ட் மாறும்போது ஹேண்ட் ஓவர்ல நான் சொல்றத ரெண்டு தடவை சொல்லச் சொல்றாங்கம்மா. அதான் ராத்திரி டவுன்டன் ஆபி போட்டு, லேடி மேரி பேசுறத நிறுத்தி நிறுத்திப் பேசிப் பார்க்கிறேன்."

டவுன்டன் ஆபி என்பது பழைய பிரபுக் குடும்பம் ஒன்றையும் அதன் வேலைக்காரர்களையும் பற்றிய பிரிட்டிஷ் டிவி தொடர், அந்தக் காலத்துக் கதை சொல்லும் பீரியட் டிராமா. லேடி மேரி அந்த வீட்டு மூத்த மகள். எட்டு மாதமாக இதைச் செய்திருக்கிறார். கேட்டதும் எனக்கு மனசு கனத்துவிட்டது. ஏனென்றால் அவர் குறிவைத்த அந்த ஆங்கிலம் அதில் நடித்தவருக்கே வீட்டு ஆங்கிலம் இல்லை. லேடி மேரியாக வரும் மிஷெல் டாக்கரி லண்டனை ஒட்டிய எசெக்ஸில் வளர்ந்தவர். வேலைக்காரப் பெண் ஆன்னாவாக வரும் ஜோஆன் ஃபிராகட்தான் உண்மையிலேயே வட இங்கிலாந்தின் யார்க்ஷயர்க்காரர். கதை நடக்கும் மாளிகையும் யார்க்ஷயரில் இருப்பதாகத்தான் வருகிறது. படம் பிடித்தது தெற்கே ஹாம்ப்ஷயரில் உள்ள ஹைகிளேர் மாளிகையில். மாடியில் இருப்பவர்கள் ஒரு மாதிரியும் சமையலறையில் இருப்பவர்கள் வேறு மாதிரியும் பேசுவது, யார் எந்த வர்க்கம் என்பதை முதல் வசனத்திலேயே நம் காதுக்குச் சொல்லிவிடுவதற்காக.

அந்த மாடிப் பேச்சும் அந்தக் காலத்துப் பேச்சு அப்படியே இல்லை. தொடர் 1912-இல் தொடங்குகிறது. அந்தத் தலைமுறைப் பிரபுக்கள் பலர் 'ஆஃப்' என்பதை 'ஓஃப்' என்று நீட்டுவார்கள். 'ஹன்ட்டிங், ஷூட்டிங்' என்பதில் கடைசி 'ங்' ஒலியை விட்டுவிட்டு 'ஹன்ட்டின், ஷூட்டின்' என்பார்கள். இன்று ஒருவர் அப்படியே பேசினால் பார்ப்பவருக்கு வினோதமாக இருக்கும் என்பதால் தொடர்களில் இதைப் பெரும்பாலும் குறைத்துவிடுகிறார்கள்.

இன்னும் நூறு வருடம் பின்னால் போனால் விஷயம் வேறு. நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் காலத்துக் கதைகளில் எல்லோரும் 'கிளாஸ்' என்பதில் 'ஆ'வை நீட்டி, 'கார்ட்' என்பதில் 'ர்' கேட்காமல் பேசுவதைப் பார்க்கிறோம். ஜான் வாக்கர் என்பவர் மேடை நடிகராக இருந்து பேச்சுப் பயிற்சி ஆசிரியரானவர். 1791-இல் உச்சரிப்பு அகராதி ஒன்றை வெளியிட்டார். அந்த நீண்ட 'ஆ' ஏறக்குறைய கொச்சை என்பது அவர் கருத்து. இன்று உயர்குடி அடையாளமாக நாம் நினைக்கும் ஒலி, அன்றைக்குப் படித்தவர் ஒருவரின் காதில் தெருப் பேச்சாக விழுந்திருக்கிறது.

இந்த உயர்குடி உச்சரிப்புக்கு 'ரிசீவ்ட் புரொனன்சியேஷன்' என்ற பெயரைப் பிரபலமாக்கிய ஒலியியலாளர் டேனியல் ஜோன்ஸ் முதலில் அதைப் பப்ளிக் ஸ்கூல் உச்சரிப்பு என்றுதான் அழைத்தார். அதாவது, குறிப்பிட்ட சில தனியார் பள்ளிகளில் படித்தவர்களின் பேச்சு. 1922-இல் தொடங்கிய பிபிசி அதைச் செய்திக் குரலாக வைத்துக்கொண்டதால், அதுதான் சரியான ஆங்கிலம் என்ற எண்ணம் உலகமெங்கும் பரவியது. இரண்டாம் உலகப் போரின்போது வில்ஃப்ரெட் பிக்கிள்ஸ் யார்க்ஷயர் வாடையோடு செய்தி வாசித்ததே அந்த நாளில் பெரிய பேச்சானது. மகாராணி எலிசபெத்தின் உயிரொலிகளே முப்பது வருடங்களில் சாதாரண மக்களின் உச்சரிப்புப் பக்கம் நகர்ந்திருக்கின்றன. அவருடைய கிறிஸ்துமஸ் உரைகளை அளந்து பார்த்த ஆய்வு 2000-இல் நேச்சர் இதழில் வந்தது.

சரி, நடிகர்கள் எப்படி மாற்றிக்கொள்கிறார்கள்? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் தவறுவது இங்கேதான். உச்சரிப்பு சொல்லித்தர டயலெக்ட் கோச் என்று தனியாக ஒருவர் இருப்பார். மகாராணி எலிசபெத்தின் வாழ்க்கையைச் சொல்லும் 'தி கிரவுன்' தொடருக்கு வில்லியம் கோனச்சர் அந்த வேலையைச் செய்தார். நல்ல கோச் சொற்களில் தொடங்குவதில்லை. வாய் சும்மா இருக்கும்போது நாக்கு எங்கே கிடக்கிறது, தாடை எவ்வளவு தளர்ந்திருக்கிறது, உதடு முன்னால் வருகிறதா என்று முதலில் பார்ப்பார். ஒருவர் அடுத்த சொல்லுக்குத் தடுமாறும்போது இழுக்கிறாரே 'அ...' என்று, அந்த ஒலியைப் பிடித்தால் அந்த ஆக்சென்டில் வாய் எப்படி அமர்கிறது என்பது கிடைத்துவிடும். அப்புறம்தான் உயிரொலிகள். ஒரே உயிரொலி வரும் சொற்களை ஒன்றாகச் சேர்த்து, 1982-இல் ஒலியியலாளர் ஜான் வெல்ஸ் வகுத்த 24 சொல் தொகுதிகளை வைத்து ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். பழைய பேச்சு வேண்டுமென்றால் ஒலிப்பதிவுகளும் இருக்கின்றன. முதல் உலகப் போரில் ஜெர்மன் முகாம்களில் கைதிகளாக இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் பேச்சை ஜெர்மன் ஆய்வாளர் வில்ஹெல்ம் டோகன் குழு பதிவு செய்தது. அதன் பிரதி பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது. நான் முதல் முறை கேட்டபோது உடம்பு சிலிர்த்தது.

இவ்வளவு உழைப்பும் ஒரு பாத்திரத்துக்காக. பக்கத்தில் கோச் நிற்கிறார், பிசகினால் இன்னொரு டேக் எடுக்கலாம், தேவைப்பட்டால் பிறகு டப்பிங்கிலும் சரிசெய்யலாம். 'பீக்கி பிளைண்டர்ஸ்' தொடரில் பர்மிங்காம் பேச்சு பேசும் கிலியன் மர்ஃபி பேட்டியில் தன் கார்க் நகரத்து ஐரிஷ் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடுகிறார். 'பிரிட்ஜர்டன்' தொடரின் பெனலோப்பியான நிக்கோலா கோக்லனும் ஐரிஷ்காரர்தான். சிறு வயதிலேயே இரண்டு இடங்களில் வளர்ந்தவர்களின் கதை தனி. ஜில்லியன் ஆண்டர்சன் சிகாகோவில் பிறந்து, லண்டனிலும் மிச்சிகனிலும் வளர்ந்தவர். பக்கத்தில் இருப்பவர் பேச்சுக்கு ஏற்ப அவருக்கு இரண்டும் தானாக வரும், நடிப்பு இல்லை.

அவர் 'தி கிரவுன்' தொடரில் நடித்த, பிரிட்டிஷ் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சரையே எடுத்துக்கொள்ளுங்கள். லிங்கன்ஷயரில் மளிகைக் கடைக்காரர் மகள். பயிற்சி எடுத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டவர். ஆனாலும் 1983-இல் நாடாளுமன்றத்தில் சூடாகி, எதிரணியைப் பயந்தவர்கள் என்று சொல்ல வந்த இடத்தில், 'ஃப்ரிட்' என்ற பிறந்த ஊர்ச் சொல் வாயிலிருந்து விழுந்துவிட்டது. களைப்பிலும் கோபத்திலும் முதல் மொழி மேலே வந்துவிடும். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டின் கடைசியில் லேடி மேரியாக நிற்க வேண்டும் என்று அந்த அக்கா தன் தொண்டையைக் கேட்டது எவ்வளவு பெரிய பாரம் என்று இப்போது தெரியும்.

ஆக்சென்ட் நோயில்லை. பேச்சு சிகிச்சைப் படிப்பில் முதலில் கற்றுக்கொள்வதே வித்தியாசம் வேறு, குறைபாடு வேறு என்பதைத்தான். மற்றவருக்குப் புரிய வேண்டும் என்பது நியாயமான ஆசை. அதற்கு உயிரொலிகளை இங்கிலாந்து மாளிகைக்கு மாற்ற வேண்டியதில்லை. தமிழர்களுக்கு நான் பார்த்தவரை இரண்டு விஷயம்தான் பெரிய உதவி.

முதலாவது காற்று. மெல்லிய டிஷ்யூ தாளை வாய்க்கு முன் பிடித்துக்கொண்டு 'பப்பு' என்று தமிழில் சொல்லுங்கள். தாள் பெரிதாக ஆடாது. ஆங்கிலத்தில் சொல் முதலில் வரும் 'ப, ட, க' ஒலிகளுக்கு ஒரு காற்று வெடிப்பு உண்டு. அது இல்லாவிட்டால் குண்டூசியைக் குறிக்கும் 'பின்' அவர்கள் காதில் குப்பைத் தொட்டியாகிவிடும். தாள் துள்ளும்வரை சொல்லிப் பழகினால் போதும், இரண்டு வாரத்தில் கைவந்துவிடும்.

இரண்டாவது அழுத்தம். தமிழில் எல்லா அசைகளுக்கும் ஓரளவு சமமான இடம் கொடுக்கிறோம். ஆங்கிலக் காது அழுத்தம் எங்கே விழுகிறது என்பதை வைத்துத்தான் சொல்லைக் கண்டுபிடிக்கிறது. 'பாரசிட்டமால்' என்று சமமாகச் சொன்னால் திரும்பக் கேட்பார்கள். 'பாரஸீடமால்' என்று 'ஸீ'யை நீட்டி, உயர்த்தி, மற்ற அசைகளை லேசாகச் சொன்னால் புரிந்துவிடும். அந்த அக்காவோடு நாங்கள் அவர் தினமும் கொடுக்கும் மருந்துப் பெயர்களை மட்டும் எடுத்து, அழுத்தம் விழும் இடத்தில் பேனாவால் கோடு போட்டுப் பழகினோம். கூடவே தாடையைத் தளர்த்தும் பயிற்சி, ஸ்ட்ராவில் ஊதியபடி ஓசை எழுப்பும் பயிற்சி. ஆறாவது முறை வந்தபோது ஆங்கிலமும் தமிழும் ஒரே குரலில் வந்தன.

வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்கு ஒரு பேச்சு, அம்மாவிடம் ஒரு பேச்சு என்று மாறினால் அதைக் கேலி செய்யாதீர்கள், திருத்தவும் வேண்டாம். 'பிரிட்ஜர்டன்' தொடரில் சிமோன் ஆஷ்லி, சரித்ரா சந்திரன் என்று தமிழ்க் குடும்பத்துப் பெண்கள் இருவர் அக்கா தங்கையாக நடித்தார்கள். அந்த ஆங்கிலத்தின் நடுவே, ஆஷ்லி நடித்த கேட் என்ற அக்கா 'அப்பா' என்று சொல்லும் இடம் வந்தபோது நான் கண் கலங்கினேன்.

கடைசியாக இரண்டு எச்சரிக்கைகள். சளி, காய்ச்சல் இல்லாமல் மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். 45 வயது தாண்டியவர்களும் புகைப்பவர்களும் தள்ளிப்போடவே கூடாது. புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று, ஒருவர் பேச்சு எந்த முயற்சியும் இல்லாமல் திடீரென்று மாறினால். பக்கவாதத்துக்குப் பிறகு அபூர்வமாகச் சிலருக்கு வேறு நாட்டுக்காரர் பேசுவதுபோல் ஆக்சென்டே மாறிவிடும். போர்க்காலத்தில் தலையில் அடிபட்ட நார்வே பெண் ஒருவர் ஜெர்மன்காரர்போலப் பேச ஆரம்பித்ததை மோன்ராட்-க்ரோன் என்ற நரம்பியல் மருத்துவர் 1947-இல் பதிவு செய்தார். அதைவிட அதிகம் நாங்கள் பார்ப்பது நாக்கு குழறுவது, சொல் கிடைக்காமல் திணறுவது. அப்பா என்னவோ மாதிரி பேசுகிறார், தூக்கக் கலக்கம் போல என்று விட்டுவிடாதீர்கள். முகம் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறதா, இரண்டு கையையும் தூக்க முடிகிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒன்று சரியில்லை என்றாலும் பிரிட்டனில் 999, தமிழ்நாட்டில் 108. பேச்சு கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் குறித்துக் கையில் வைத்திருங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடலாமா என்று முடிவு செய்ய அந்த நேரம் வேண்டும்.