வேகம் வரம்பிடும் படி

ஒரு வேதிவினை பல படிகளில் அடுத்தடுத்து நடக்கும்போது, மிக மெதுவான படியைத் தாண்டி மொத்த வினை விரைய முடியாது. அந்தப் படிக்கு ஆங்கிலத்தில் ‘ரேட் டிடர்மைனிங் ஸ்டெப்’ என்று பெயர். தமிழில் ‘வினைவேகத்தைத் தீர்மானிக்கும் படி’ என்றோ ‘நிர்ணயிக்கும் படி’ என்றோ எழுதுகிறார்கள்.

தீர்மானம் என்றதும் ஊர்க்கூட்டத்தில் நிறைவேற்றுவதுதான் நினைவுக்கு வருகிறது. ‘டிடர்மைன்’ என்பதன் இலத்தீன் வேரான ‘டெர்மினஸ்’ எல்லையைக் குறிப்பது. மந்தமான படி செய்வதும் எல்லை கட்டும் வேலைதான். அதனால் ‘வேகம் வரம்பிடும் படி’ என்பதே பொருத்தம் என்பேன்.

நைட்ரஜன் டைஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் ஏறத்தாழ 225 பாகை செல்சியசுக்குக் கீழே வினைபுரியும்போது, கார்பன் மோனாக்சைடை இரட்டித்தாலும் வேகம் கூடுவதில்லை. நைட்ரஜன் டைஆக்சைடை இரட்டித்தால் நான்கு மடங்காகிறது. நைட்ரஜன் டைஆக்சைடு மூலக்கூறுகள் இரண்டு தமக்குள் மோதுவதே மெதுவான படி. கார்பன் மோனாக்சைடு அதற்குப் பின்னர்தான் உள்ளே வருகிறது.

வரம்பிடுவது வேதிமாற்றமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. செட்டிநாட்டு வீடுகளில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சைப் பாருங்கள். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை வாங்கிக் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. காற்றில் அந்த வாயு சுமார் 0.04 விழுக்காடுதான். அது நுண்துளைகள் வழியே உள்ளே ஊடுருவி, ஈரத்தில் கரைந்த பிறகே வினை நடக்கும். மேற்புறம் இறுகியபின் பெரும்பாலும் இந்த ஊடுருவலே வேகத்துக்கு வரம்பு. பூச்சு இரு மடங்கு ஆழத்துக்கு இறுக ஏறக்குறைய நான்கு மடங்கு காலம் பிடிக்கும். முழுக்கக் காய்ந்த சுவரிலோ ஊடுருவல் எளிது. கரைய ஈரம் இல்லாததால் வினை அங்கே நின்றுவிடும். பூச்சு வேலையில் ஈரம் காப்பது வெறும் சம்பிரதாயம் அன்று.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இந்த விதி தொடர்படிகளுக்கே. ஒரே விளைபொருளுக்குத் தனித்தனி வழிகள் இருந்தால், விரைவான வழியே மேலோங்கும்.

காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் துறையில் இக்கருத்து அன்றாடப் புழக்கம். அமிலத்திலிருந்து ஹைட்ரஜன் பிரியும்போது எந்தப் படி வரம்பிடுகிறது என்பதை டாஃபெல் சாய்வு, அதாவது மின்னோட்டம் பத்து மடங்காகத் தேவைப்படும் கூடுதல் மின்னழுத்தம், காட்டிக்கொடுக்கும். சாய்வு 120 மில்லிவோல்ட் அளவில் இருந்தால் அயனி எலக்ட்ரானைப் பெற்று மின்முனையில் ஒட்டுவது மெதுவான படியாக இருக்கலாம். 30 அளவில் இருந்தால், ஒட்டிய அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்வது.