12.4 என்றால் எவ்வளவு?

கண்காணிப்புக் கிணறு ஒன்றின் நீர்மட்டக் கோப்பு கைக்கு வருகிறது. மே 14-க்கு நேராக 12.4 என்று இருக்கிறது. மீட்டரா, அடியா? தரையிலிருந்து கீழேயா, குழாய் விளிம்பிலிருந்து கீழேயா, கடல்மட்டத்துக்கு மேலேயா? அளவு நாடாவை இறக்கியபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததா? ஓடியிருந்தால் அந்த எண் நிலத்தடி நீர்மட்டமே அல்ல. பம்ப் இழுத்து உண்டாக்கிய பள்ளத்தின் ஆழம். குழாய் தரைக்கு மேல் 60 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். முதலில் அளந்தவர் அதைக் கழித்து எழுதினார், பிறகு வந்தவர் கழிக்கவில்லை. ஆள் மாறிய மாதத்தில் நீர்மட்டம் 60 செ.மீ. இறங்கியதாக வரைபடம் காட்டும். அதைப் பார்த்து யாராவது வறட்சி என்பார்கள்.

நீர்த் தரவு வெளியே வராததற்கு அதிகாரிகளின் தயக்கம்தான் காரணம் என்பது பாதி உண்மை. மனமுவந்து கொடுத்த கோப்புகளிலும் பல பயன்படாமல் கிடக்கின்றன. எண் வந்திருக்கும், அதை எப்படி அளந்தார்கள் என்பது வந்திருக்காது.

நீர்த்தரத்தில் இது இன்னும் மோசம். நைட்ரேட் 12, லிட்டருக்கு மி.கி. என்று ஒரு அறிக்கை சொல்கிறது. நைட்ரேட்டை முழு மூலக்கூறாகக் கணக்கிடும் ஆய்வகங்களும் உண்டு, அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் சொல்லும் ஆய்வகங்களும் உண்டு. இரண்டுக்கும் இடையில் 4.43 மடங்கு வித்தியாசம். உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டி அளவு நைட்ரேட்டாக 50. நைட்ரஜனாகச் சொன்னால் சுமார் 11. ஆக, அதே 12 ஒரு கணக்கில் கவலையில்லாத தண்ணீர், இன்னொரு கணக்கில் வரம்பைத் தாண்டிய தண்ணீர். ‘நைட்ரேட்டாக’, ‘நைட்ரஜனாக’ என்ற ஒரு சொல் விட்டுப்போனதால் வரும் வினை இது.

கருவியால் காண முடியாத அளவு வந்தால் ஆய்வகம் ‘5-க்குக் கீழ்’ என்று எழுதும். தட்டச்சு செய்பவர் அதைச் சுழியம் ஆக்குவார், அல்லது 5 ஆக்குவார், அல்லது கட்டத்தைக் காலியாக விடுவார். மூன்றும் சராசரியை மூன்று திசையில் இழுக்கும். ‘கீழ்’ என்ற குறிக்குக் கோப்பில் தனிப் பத்தி (செங்குத்து வரிசை), 5-க்குத் தனிப் பத்தி வைத்தால் போதும். கருவி மாறி, காணும் எல்லை 10-இலிருந்து 1-க்கு இறங்கிய ஆண்டையும் குறித்து வையுங்கள். இல்லாவிட்டால், அந்த எல்லையையே அளவாக எடுத்துக்கொள்பவர் ஆறு சுத்தமாகிவிட்டது என்று எழுதுவார். உண்மையில் மாறியது கருவி.

மழைமானியில் சுழியமும் ‘அளக்கவில்லை’ என்பதும் ஒன்றல்ல. இரண்டு நாள் வராத பணியாளர் மூன்றாம் நாள் குடுவையை அளந்து மொத்தத்தையும் அன்றைய தேதியில் எழுதினால், பெய்யாத கனமழை ஒன்று பதிவாகும். நேரமும் அப்படித்தான். காலையில் அளக்கும் மழை முந்தைய 24 மணி நேரத்துக்கு உரியது. அதை எந்தத் தேதியில் எழுதுவது என்பது அமைப்புக்கு அமைப்பு மாறும். நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை கணக்கிடும் ஆற்று ஓட்டத்தோடு கவனிக்காமல் சேர்த்தால், சில இடங்களில் மழைக்கு முன்பே வெள்ளம் வந்துவிடும். வெள்ளத்தைக் கணிக்கும் கணினி மாதிரி தப்பு என்று வாரக்கணக்கில் தேடுவார்கள்.

ஆற்றில் ஓட்டத்தைப் பெரும்பாலான நிலையங்களில் தினமும் நேரடியாக அளப்பதில்லை. அளவுகோலில் நீர் உயரத்தைப் பார்த்து, எந்த உயரத்துக்கு எவ்வளவு ஓட்டம் என்று முன்பே அளந்து வரைந்த ரேட்டிங் வளைவைக் கொண்டு விநாடிக்கு இத்தனை கன மீட்டர் என்று கணக்கிடுகிறார்கள். பெருவெள்ளம் ஆற்றுப்படுகையை அரித்தாலோ மணலைக் கொட்டினாலோ அதே உயரத்துக்கு வேறு ஓட்டம். அதனால் ஓட்டத்தை மட்டும் கொடுக்காதீர்கள். உயரத்தையும், எந்தத் தேதி முதல் எந்த வளைவு என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். பிற்காலத்தில் வளைவைத் திருத்தினால் பழைய உயரத்திலிருந்து ஓட்டத்தை மறுபடி கணக்கிடலாம். நேரில் அளந்த மிக அதிக உயரம் எது என்பதும் தெரிய வேண்டும். அதற்கு மேலுள்ள எல்லாம் வளைவை நீட்டிப் போட்ட ஊகம். பாலமும் அணையும் வடிவமைப்பவர்களுக்கு வேண்டியது அந்தப் பகுதிதான் என்பது இத்தொழிலின் கொடுமை.

கோப்பைத் தயாரிக்கும்போது ஒரு அளவுக்கு ஒரு வரி: நிலையக் குறியீடு, நேரம், என்ன அளவு, மதிப்பு, அலகு, தரக்குறி. தேதி 2024-04-03 என்ற வரிசையில் இருக்கட்டும். 03/04 என்று எழுதினால் ஏப்ரலா மார்ச்சா என்று சண்டை. உலகப் பொது நேரமான யு.டி.சி.யிலிருந்து எத்தனை மணி விலகல் என்பதும் வேண்டும். சந்தேகமான கட்டங்களுக்கு மஞ்சள் பூசும் பழக்கம் எங்கும் உண்டு. வெறும் எழுத்தும் எண்ணும் மட்டுமே உள்ள சி.எஸ்.வி. கோப்பாக மாற்றியவுடன் மஞ்சள் போய்விடும், சந்தேகமும் கூடவே போய்விடும். நிறத்தைச் சொல்லாக்கித் தரக்குறிப் பத்தியில் எழுதுங்கள். நிலையக் குறியீட்டை எழுத்தாகச் சேமியுங்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் பொட்டோமாக் ஆற்று நிலையம் 01646500. விரிதாளில் திறந்து மூடினால் முன் சுழியம் உதிர்ந்து, வேறு கோப்போடு பொருந்தாது.

இடக்குறிப்பில் ஒரு பிழை திரும்பத் திரும்ப வரும். 10 பாகை 45 கலை என்பதை 10.45 என்று தட்டிவிடுகிறார்கள். சரியானது 10.75. கிணறு 33 கி.மீ. நகர்ந்துவிட்டது. நிலையங்களை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். கடலுக்குள் விழுந்தவை உடனே தெரியும், பக்கத்து வட்டத்தில் விழுந்தவைதான் தப்பித்துக்கொள்ளும்.

வெளியிடும் முன், மூல அளவை அழித்துத் திருத்தாதீர்கள். திருத்தம் வேறு பத்தியில், காரணத்தோடு. இரண்டு நாள் ஒரே எண் வந்தால், தானே அளக்கும் உணரி சிக்கியிருக்கலாம். காற்றழுத்தத்தையும் சேர்த்து அளக்கும் உணரியில் 1 ஹெக்டோபாஸ்கல் மாற்றம் ஏறக்குறைய 1 செ.மீ. நீராகத் தெரியும், காற்றழுத்தம் குறையும் புயல் நாளில் கிணறு தானே இறங்கியதுபோல் காட்டும். திடீர் உச்சங்களை வடிகட்டி எறியும் நிரலை நம்பாதீர்கள். உண்மையான வெள்ளமும் பார்வைக்குப் பிழை மாதிரிதான் இருக்கும். குறி போடுங்கள், அழிக்காதீர்கள்.

நீரியல் தரவைக் கட்டணமின்றி, தடையின்றிப் பகிர வேண்டும் என்ற கொள்கையை உலக வானிலை அமைப்பு 1999-இலேயே 25-ஆம் தீர்மானமாக எடுத்தது. ஜெர்மனியின் கோப்லென்ஸில் 1988 முதல் இயங்கும் உலக நீரோட்டத் தரவு மையம் பல நாடுகளின் ஆற்று ஓட்டத்தைச் சேர்த்து வைக்கிறது. ஆனால் நாடுகள் அனுப்பினால்தான் அங்கே புதிய ஆண்டுகள் சேரும். செயற்கைக்கோள் இருக்கிறதே என்பார்கள். 2002-இல் ஏவிய கிரேஸ் நிலத்தடி நீர் மாற்றத்தை ஈர்ப்பு விசையைக் கொண்டு காட்டியது உண்மை. ஆனால் அது பார்த்தது சில நூறு கி.மீ. அகலப் பரப்பு. ஒரு வட்டத்தில் பம்ப் நேரத்தைக் குறைப்பதா என்று முடிவெடுக்க நாடாதான் வேண்டும்.

தனியார் கிணறு என்றால் உரிமையாளர் பெயரை நீக்கி, ஆயத்தொலையை இரண்டு தசமத்துக்குச் சுருக்குங்கள். ஏறக்குறைய ஒரு கி.மீ. மறைவு கிடைக்கும். சுருக்கியதைச் சொல்லிவிடுங்கள். உரிமம் எழுதாத கோப்பை ஒழுங்கான ஆய்வாளர் தொடமாட்டார். கிரியேட்டிவ் காமன்ஸின் சிசி-பை 4.0 என்று ஒரு வரி போதும். வெள்ள எச்சரிக்கைக்கு இந்த நிமிடத்தின் அளவு வேண்டும், சற்றுப் பிழையானாலும் பரவாயில்லை. ஆய்வுக்குச் சரிபார்த்தது வேண்டும். ‘தற்காலிகம்’, ‘இறுதி’ என்று குறித்தால் இரண்டையும் வெளியிடலாம்.

எடுத்துப் பயன்படுத்துபவர் பதிப்பு எண்ணையும் பதிவிறக்கிய தேதியையும் கட்டுரையில் எழுத வேண்டும். பிழை கண்டால், தன் கணினியில் மட்டும் திருத்திக்கொண்டு போகாமல், நிலையக் குறியீடு, தேதி, ஏன் சந்தேகம் என்ற மூன்றையும் கொடுத்தவருக்கு எழுதி அனுப்ப வேண்டும். கோப்பின் முதல் பக்கத்தில் அதற்கென ஒரு முகவரி இருக்கட்டும். பணிமாறுதலில் போய்விடும் தனிநபரின் முகவரியாக அது இருக்கக் கூடாது.