ஒருசந்தி

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று காலைத் திருப்பலி முடிந்து, நெற்றியில் சாம்பல் குறியோடு ஊட்டி, குன்னூர், கோத்தகிரி ஆலயப் படிகளில் இறங்கி வருவோரிடம் இன்று என்ன நாள் என்று கேட்டால் இரண்டு விடைகள் கிடைக்கும். மறைக்கல்வி வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் "நோன்பு" என்பார்கள். அவர்களுடைய பாட்டிமார் "ஒருசந்தி" என்பார்கள். இரண்டும் ஒரே பொருள் தரும் சொற்கள் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். குன்னூருக்குக் கீழே தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்த என் பாட்டியிடம் ஒருமுறை, "பாட்டி, இன்னைக்கு நோன்பா?" என்று கேட்டபோது, "நோன்பு நாப்பது நாளுந்தான். இன்னைக்கு ஒருசந்தி" என்று திருத்தினார். அந்தத் திருத்தத்தில் ஓர் அகராதிக்குரிய நுட்பம் இருந்தது எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

ஒருசந்தி என்பது நாளில் ஒருவேளை மட்டும் நிறைவாக உண்டு, மற்ற வேளைகளைக் குறைத்துக்கொள்ளும் நோன்பு முறை. பாட்டியின் ஒருசந்தி நாள் பெரும்பாலும் இப்படி நகரும்: விடியும் முன், பனி விழுந்த முற்றத்தைப் பார்த்தபடி பால் சேர்க்காத தேநீர் அரை டம்ளர்; கொழுந்து எடை போட்டு முடிந்த நண்பகலில் சோறும் உருளைக்கிழங்குக் குழம்பும் பீன்ஸ் பொரியலும் வயிறு நிறைய; இரவில் ஒரு கரண்டிக் கஞ்சி, தொட்டுக்கொள்ளத் துவையல். இடையில் யார் வீட்டில் முறுக்கு நீட்டினாலும் வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வாரே தவிர வாயில் போடமாட்டார்; மறுநாள் அது எங்களுக்கு வந்துவிடும்.

சொல்லைப் பிரித்தால் ஒரு + சந்தி. ஒரு என்பது தமிழ். சந்தி வடசொல். 'சேர்த்து வைத்தல்' என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்த இச்சொல் தமிழில் பல இடங்களில் குடியேறியிருக்கிறது. தெருக்கள் கூடுமிடம் முச்சந்தி, நாற்சந்தி. சொற்கள் கூடும்போது நேரும் மாற்றத்தை இலக்கணத்தில் சந்தி என்றும் சொல்கிறோம். இரவும் பகலும் கூடும் வேளையும் சந்தி. இந்தக் கடைசிப் பொருளே நமக்கு வேண்டியது. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் 'சந்தி விளக்கு' அந்தந்த வேளையில் ஏற்றப்படுவது. சிவன் கோயில்களில் காலை வழிபாட்டுக்குக் 'காலசந்தி' என்று இன்றும் பெயர். வேளை என்னும் பொதுப்பொருளுக்குச் சந்தி விரிந்த பிறகு, ஒருவேளை உண்பது ஒருசந்தி ஆயிற்று.

இச்சொல் கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதன்று. கொங்குப் பகுதியிலும் மலையடிவார ஊர்களிலும் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருமாளுக்காக ஒருசந்தி இருப்போர் பலர். மறைபரப்பாளர்கள் நம் மண்ணில் முன்பே புழங்கிய ஒரு வழக்கத்தின் பெயரை எடுத்துத் திருச்சபையின் கட்டளைக்கு வைத்தார்கள் என்று கொள்வதே பொருத்தம். பதினாறாம் நூற்றாண்டில் கடற்கரையில் போர்த்துக்கீசியச் சொற்கள் அப்படியே தமிழுக்குள் நுழைந்தன. குருசு அவற்றுள் ஒன்று, ஊட்டியில் காந்தல் குருசடியின் பெயரில் அது இன்றும் நிற்கிறது. அடுத்த நூற்றாண்டில் மதுரை மறைப்பணித்தளத்தில் தத்துவ போதகர் என்று பெயர் பூண்ட இராபர்ட் தெ நோபிலி போன்றோர் வடமொழி கலந்த உள்நாட்டு வழக்கின் பக்கம் திரும்பினார்கள். பூசை, ஞானஸ்நானம், பாவசங்கீர்த்தனம், தபசுகாலம், விபூதிப் புதன் ஆகிய பழைய கத்தோலிக்கச் சொற்களின் வரிசையிலேயே ஒருசந்தியும் நிற்கிறது.

இலத்தீனில் நோன்புக்குரிய சொல் 'யெயூனியும்'. வெறுமை, வெறும் வயிறு என்பது அதன் உட்பொருள். சிறுகுடலின் நடுப்பகுதிக்கு மருத்துவர்கள் வைத்த 'ஜெஜுனம்' என்ற பெயரும் அதிலிருந்தே வந்தது. ஆங்கிலத்தின் 'ஃபாஸ்ட்' வேறு வழியில் வந்தது. இறுகப் பற்றுதல், உறுதியாய் நிற்றல் என்னும் பொருளுள்ள பழைய வேர் அதற்கு. தமிழ்க் கத்தோலிக்கர் "ஒருசந்தி பிடிக்கிறேன்" என்று பிடித்தல் வினையோடு சொல்வதை இதனோடு வைத்துப் பார்க்கையில், தொடர்பே இல்லாத இரு மொழிகள் ஒரே உருவகத்தை எட்டியிருப்பது தெரியும். ஆயினும் எத்தனை வேளை உண்ணலாம் என்ற கணக்கு இலத்தீன் சொல்லிலும் இல்லை, ஆங்கிலச் சொல்லிலும் இல்லை. தமிழ்ச்சொல் அந்தக் கணக்கைப் பெயரிலேயே வைத்திருக்கிறது.

அந்தக் கணக்குதான் சட்டத்திலும் இருக்கிறது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் பொதுவிதிப்படி, ஞாயிறு நீங்கலாகத் தவக்காலத்தின் எல்லா நாட்களும் நோன்பு நாட்கள். சாம்பல் புதன் முதல் பெரிய சனி வரை 46 நாட்கள். அவற்றில் 6 ஞாயிறுகளைக் கழித்தால் 40. திருத்தந்தை ஆறாம் பவுல் 1966இல் இதைத் தளர்த்தினார். 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின்படி, 18 வயது நிறைந்தவர்கள் 60ஆம் வயது தொடங்கும் வரை சாம்பல் புதனிலும் பெரிய வெள்ளியிலும் நோன்பு இருக்கக் கடமைப்பட்டவர்கள். ஒருவேளை முழு உணவும், மற்ற இரு வேளைகளில் சிறிதளவும் கொள்ளலாம். என் பாட்டி எழுபதைக் கடந்தும் விடவில்லை. வயது வரம்பை எடுத்துச் சொன்னால், "அது சாமியாருக்குத் தெரியும், வயித்துக்குத் தெரியாது" என்பார்.

முழு உணவு நண்பகலில்தான் என்பது தொடக்கம் முதல் இருந்த வழக்கமன்று. பழங்காலத்தில் தவக்கால நோன்பிருந்தோர் மாலை மன்றாட்டுக்குப் பிறகே உண்டார்கள். ஐரோப்பிய இடைக்காலத்தில் அது பிற்பகல் மூன்று மணிக்கும், அங்கிருந்து நண்பகலுக்கும் மெல்ல முன்னேறியது. இரவும் பகலும் கூடும் வேளை என்னும் சந்தியின் முதற்பொருள் அந்தப் பழைய வழக்கத்துக்கு எத்துணைப் பொருந்துகிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இனி, ஒருசந்திக்கு நேரான தமிழ்ச்சொல் எது? கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வழிபாடு தமிழுக்கு வந்தபோது பழஞ்சொற்கள் பலவும் மாற்றப்பட்டன: பூசை திருப்பலி ஆயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆயிற்று, தபசுகாலம் தவக்காலம் ஆயிற்று, விபூதிப் புதன் திருநீற்றுப் புதன் ஆயிற்று. ஒருசந்தியின் இடத்தில் நோன்பு வந்து அமர்ந்தது. நல்ல தமிழ்ச்சொல்தான், ஆனால் அது நேர் நிகர் அன்று. நோல் என்னும் வினையடியிலிருந்து பிறந்த நோன்புக்கு முதற்பொருள் பொறுத்தல், தாங்குதல். "உற்றநோய் நோன்றல்" என்று தவத்தின் வடிவத்தைச் சொல்லும் குறளில் உணவைப் பற்றிய பேச்சே இல்லை. "உண்ணாது நோற்பார் பெரியர்" என்று தொடங்கும் குறளோ, பிறர் சொல்லும் கடுஞ்சொல்லைப் பொறுப்போருக்கு அடுத்த இடத்தில்தான் அவர்களை வைக்கிறது. 'உண்ணாது' என்ற அடை தேவைப்பட்டதிலிருந்தே நோற்றல் உணவைவிட அகன்றது என்பது தெளிவு. நாற்பது நாளும் நோன்பு, இன்று மட்டும் ஒருசந்தி என்று பாட்டி பிரித்தது இதைத்தான்.

நோன்பு என்ற சொல்லுக்கு இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. 2025இல் ரமலானும் தவக்காலமும் மார்ச் முதல் வாரத்தில் சேர்ந்தே தொடங்கின. நாள் முழுதும் தண்ணீரும் அருந்தாமல் மாலையில் நோன்புக் கஞ்சி குடிக்கும் அண்டை வீட்டாரின் நோன்பும், நண்பகலில் சோறு உண்ணும் நம் நோன்பும் ஒரே பெயரில் வழங்கும்போது பிள்ளைகள் குழம்பத்தான் செய்வார்கள். சீர்திருத்தச் சபையார் வழங்கும் உபவாசம் 'அருகில் தங்குதல்' என்று பொருள்படும் வடசொல். அரசியல் மேடைக்குப் போய்விட்ட உண்ணாநோன்பு இங்கே அறவே பொருந்தாது, ஒருசந்தியில் உண்கிறோம் அல்லவா?

நேரான சொல் ஒருபொழுது. அது புதிதாய் ஆக்க வேண்டிய சொல்லும் அன்று. விரத நாட்களில் "இன்னைக்கு ஒருபொழுது" என்று தமிழ்நாடெங்கும் சொல்லக் கேட்கலாம். தெலுங்கில் ஒக்கபொத்து, கன்னடத்தில் ஒப்பொத்து என்று அதன் உடன்பிறப்புகள் அதே பொருளில் வழங்குவதால், இது தென்மொழிகளின் பொதுச்சொத்து என்றே கருதலாம். பொழுது விடிந்தது, பொழுது சாய்ந்தது என்னும்போது ஞாயிற்றையே குறிக்கும் இச்சொல், நாளின் கூறுகளைக் குறிக்கும் சிறுபொழுது என்ற இலக்கண வழக்கிலும் இருக்கிறது. வேளைக் கணக்கு அதில் அப்படியே நிலைத்திருக்கிறது. திருப்பலி நூலில் நோன்பு இருக்கட்டும். பங்கு அறிவிப்புப் பலகையில் "இன்று ஒருபொழுது" என்று எழுதினால் லயத்துப் பாட்டிக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒருசேர விளங்கும் என்பது என் கருத்து.

ஒருசந்தியின் இணைச்சொல்லான சுத்தபோசனத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை விலக்குவதற்கு அது பெயர். சுத்தமான உணவு என்று பொருள்படும்போது, இறைச்சி தூய்மையற்றது என்ற எண்ணம் தானாக ஒட்டிக்கொள்கிறது. திருச்சபை அப்படிக் கருதுவதில்லை. மீனை இன்றைய சட்டம் விலக்குவதும் இல்லை; ஆயினும் மலையில் எங்கள் வீடு உட்படப் பல வீடுகளில் தவக்காலம் முழுதும் மீன் சட்டியும் பரண் ஏறிவிடும். திருக்குறளில் தவம் என்னும் அதிகாரத்துக்கு முன் நிற்கும் 'புலால் மறுத்தல்' ஆயத்தமாய் இருக்கிறது என்றாலும், அதன் காரணம் உயிர்மேல் அருள். இங்கே காரணம் தன்னொறுத்தல். ஆகவே இறைச்சி தவிர்த்தல் என்று வெளிப்படையாய்ச் சொல்வதே மேல்.

எழுத்து முறையில் ஒன்று கவனிக்கத்தக்கது. நோன்பைக் குறிக்கும்போது ஒருசந்தி என்று சேர்த்தே எழுத வேண்டும். பிரித்து எழுதினால் தெருமுனை ஆகிவிடும். ஊட்டியில் சேரிங் கிராஸ் ஒரு சந்தி. சாம்பல் புதன் ஒருசந்தி.