வெள்ளைத் திட்டுக்காகப் பல்லைச் சீவ வேண்டாம்

முன்பல்லில் ஒரு வெள்ளைத் திட்டு. சிரிக்கும்போதெல்லாம் கை தானாக வாயை மறைக்கப் போகிறது. இதற்காகவே நல்ல பல்லைச் சீவி, வெனீரோ (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய ஓடு) கேப்போ (பல்லையே மூடும் உறை) போட்டுக்கொள்ளத் தயாராகிறவர்களைக் கண்டால் எனக்கு மனசு கேட்பதில்லை. பல்லின் வெளிக்கவசமான எனாமல் போனால் போனதுதான். அதைக் கட்டிய செல்கள், பல் ஈறைப் பிளந்து வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. முன்பல்லின் நுனியில் எனாமலின் தடிமன் சுமார் 2 மி.மீ.தான், ஈறை நெருங்க நெருங்க இன்னும் மெலிசு.

முதலில், கறை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மேலே படிந்ததென்றால் கிளீனிங் போதும். பல் முழுவதுமே மஞ்சளாக இருந்தால் ப்ளீச்சிங். அதற்கான மருந்தான பெராக்சைடு எனாமலுக்குள் ஊடுருவி, நிறம் தரும் மூலக்கூறுகளை உடைக்கிறது. பல்லின் அளவுக்குச் செய்த டிரேயில் 10% கார்பமைடு பெராக்சைடு ஜெல் வைத்து இரவில் அணியும் முறையை ஹேவுட், ஹேமன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர்கள் இருவரும் 1989-இல் வெளியிட்டார்கள். சில நாள் பல் கூசலாம். டெட்ராசைக்ளின் மருந்தால் வந்த சாம்பல் பட்டைகள் என்றால் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

சரி, வெள்ளைத் திட்டுக்கு வருவோம். பிரேஸ் கழற்றியதும் பளிச்சென்று தெரியுமே, அதுதான். அதில் சாயம் எதுவும் கிடையாது. பல்லில் படிந்த கிருமிப் படலத்தின் அமிலம், எனாமலின் மேற்பரப்புக்குக் கீழே தாதுக்களைக் கரைத்து நுண்துளைகளை விட்டுச் சென்றிருக்கிறது. எனாமலின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) 1.62, துளைக்குள் இருக்கும் தண்ணீருக்கு 1.33; காற்றுக்கு 1. இந்த வித்தியாசத்தால் ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் ஒளி சிதறுகிறது. அந்தச் சிதறல்தான் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. டாக்டர் காற்றடித்துப் பல்லை உலர்த்தும்போது கண்ணாடியில் பாருங்கள்: சில வினாடிகளில் திட்டு இன்னும் வெளுத்துத் துலங்கும். தண்ணீர் போய்க் காற்று புகுந்துவிட்டது, அவ்வளவுதான்.

அப்படியானால், எனாமலை ஒத்த ஒன்றால் துளைகளை நிரப்பினால்? காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் ஒளி ஊடுருவுகிற மாதிரி ஆவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே எண்ணெயின் வேலையை, ஒளி பட்டால் இறுகும் பிளாஸ்டிக் திரவமான ரெசின் செய்கிறது. 15% ஹைட்ரோகுளோரிக் அமில ஜெல்லை 2 நிமிடம் வைத்து மேல்தோலைத் திறக்கிறார்கள். கழுவி, எத்தனால் விட்டு ஈரத்தை இழுக்கிறார்கள். எத்தனால் பட்டதும் திட்டு மங்கினால், ரெசினும் மறைத்துவிடும் என்று நம்பலாம். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. அப்புறம் தண்ணீர்போல் இளகிய ரெசின் துளைகளுக்குள் தானாக உறிஞ்சப்படுகிறது; நீல ஒளி காட்டி இறுக வைக்கிறார்கள். அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.5. எனாமலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டதால் சிதறல் அடங்கி, திட்டு சுற்றியுள்ள நிறத்தோடு கலந்துவிடுகிறது. டிரில் இல்லை, ஊசி இல்லை.

எல்லாத் திட்டும் இப்படி மறையாது. பல் உருவாகும்போதே ஆழத்தில் ஏற்பட்ட குறை என்றால் ரெசின் அதுவரை எட்டாமல் போகலாம். ஃபுளூரைடு மிகுந்ததால் வரும் ஃபுளூரோசிஸின் பழுப்புக் கறைக்கு, அமிலமும் தேய்ப்புத் தூளும் கலந்த பசையால் மேற்பரப்பை ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தேய்த்தெடுக்கும் மைக்ரோஅப்ரேஷன் உண்டு. அடிபட்டு நரம்பு செத்துக் கறுத்த பல்லுக்கு, வேர் சிகிச்சை முடிந்தபின் உள்ளே மருந்து வைத்து உள்ளிருந்தே வெளுக்கலாம்.

ப்ளீச்சிங்கோடு பல் நிற ஃபில்லிங்கும் தேவைப்பட்டால், ப்ளீச்சிங்கை முதலில் முடியுங்கள். ஃபில்லிங் பிறகு வெளுக்காது. இரண்டுக்கும் நடுவே 2 வாரமாவது விடச் சொல்லுங்கள். பல்லுக்குள் தங்கிய ஆக்சிஜன் வெளியேறும் வரை ஃபில்லிங்கின் ரெசின் சரியாக ஒட்டாது.