தூங்கினால் காயும் கை

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகனுக்கு மெட்ரிக், அதாவது பள்ளி இறுதித் தேர்வு. உள்ளங்கை வியர்வையில் விடைத்தாள் நனைந்து கிழிகிறதாம். கிளினிக்கில் சளியைச் சோதித்து, ‘டிபி (காசநோய்) இல்லை’ என்று அனுப்பிவிட்டார்களாம். பாட்டியோ உடம்புச் சூடு என்கிறாராம்.

சூடு இல்லை, அம்மா. டர்பன் புழுக்கத்துக்கு வழிவது நெஞ்சும் முதுகும். உள்ளங்கைச் சுரப்பிகள் பெரும்பாலும் மனப் பரபரப்புக்கு ஊறுபவை. இளநீரும் வெந்தயமும் அங்கே எட்டாது. இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, இரவு வியர்வை என்று நர்ஸ் கேட்பது சரிதான். டிபி மிகுந்த நாடு இது. ஆனால் இந்தக் கை வியர்வை தூங்கினால் நின்றுவிடும்.

சுரப்பியைத் தூண்டுவது பரிவு நரம்பு, நாம் நினைக்காமலே தானாக இயங்குவது. உடலில் மற்ற இடங்களில் பரிவு நரம்புகள் பெரும்பாலும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும். வியர்வைச் சுரப்பிக்கு வருவதோ அசிட்டைல்கோலின் என்ற வேறொன்றைச் சுரக்கும். 1934இல் டேல், ஃபெல்ட்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் பூனையின் பாதத்தில் இதைக் காட்டினார்கள். ஏன் இந்த விதிவிலக்கு? நரம்பியல் ஆய்வாளர் ஸ்டோரி லேண்டிஸின் குழு எலிக்குட்டிகளில் தேடியது. நரம்பு வந்து சேரும்போது நார்அட்ரினலின் வகையாகத்தான் இருக்கிறது. சுரப்பியைத் தொட்ட பிறகே மாறுகிறது. 1988இல் பாதத்தோலை எடுத்து, முடி வளரும் தோலின் இடத்தில் ஒட்டினார்கள். அங்கே வந்த நரம்பும், வழக்கத்தை விட்டு, அசிட்டைல்கோலினுக்கு மாறியது. வீட்டோடு மாப்பிள்ளையாகப் போன நரம்பு! சுரப்பிதான் நரம்புக்குக் கட்டளையிடுகிறது. எலிப் பாத ஆராய்ச்சிக்கு எதற்குப் பணம் என்று கேட்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

அசிட்டைல்கோலின் என்பதால்தான், சிறுநீர்ப்பையை அடக்கத் தரும் ஆக்ஸிபியூட்டினின் மாத்திரை கையையும் உலர்த்துகிறது. நரம்பு அதை வெளியிடுவதையே போடாக்ஸ் ஊசி தடுக்கும். ஆனால் விலை அதிகம், சில மாதங்களில் மறுபடி ஊசி. அலுமினியம் குளோரைடு கரைசலை இரவில், உலர்ந்த கையில் பூசலாம். வியர்வைக் குழாயின் வாயை அடைக்கும். ஈரக் கையில் பூசினால் எரியும்.

எனக்குப் பிடித்தது அயன்டோபோரெசிஸ்: கைகளை வைக்க இரண்டு தட்டில் குழாய்த் தண்ணீர், அதில் சிறு மின்னோட்டம், சுமார் 20 நிமிடம், தொடக்கத்தில் வாரம் மூன்று முறை. ஒரு கருவியைப் பலர் மாறி மாறிப் பயன்படுத்தலாம். 2024இல் கையெழுத்தான தேசிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டம் எதை வாங்கித் தரப்போகிறது என்று விவாதிக்கும்போது, மாவட்ட மருத்துவமனைக்கு ஒன்று என்று நான் கேட்பேன்.

இப்போதைக்கு, ‘தூக்கத்தில் வியர்ப்பதில்லை, இரு கையிலும் ஒரே மாதிரி’ என்று சொல்லித் தோல் பிரிவுக்குப் பரிந்துரை கேளுங்கள். மாத்திரை தந்தால் தேர்வுக்கு முந்தின நாள் தொடங்க வேண்டாம். வாய் உலரும், சிலருக்குத் தூக்கம் வரும். உடல் முழுக்க வியர்வை குறைவதால், பிப்ரவரி வெயிலில் கிரிக்கெட் ஆடுவதும் ஆபத்து.