ஒரு நாள் வகுப்பில் தற்காப்பு வராது

போன சனிக்கிழமை மட்டக்களப்பு கல்லடியில் என் தற்காப்பு வகுப்பு முடிகிற நேரம் ஒரு தாய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளையின் வலது மணிக்கட்டில் பிளாஸ்டர் கட்டு. கம்பஸ் போக முன்னம் ஏதாவது பழகட்டும் என்று ஒரு நாள் பயிலரங்குக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே காட்டிய பிடியை வீட்டில் மச்சானோடு செய்து பார்த்திருக்கிறாள். அவன் பின்னாலிருந்து முழுப் பலத்தோடு இழுக்க, சீமெந்துத் தரையில் கையை ஊன்றி விழுந்துவிட்டாள். இந்த வருடம் இப்படி என்னிடம் வந்த மூன்றாவது பிள்ளை.

“மாஸ்டர், ரெண்டு அடி மட்டும் சொல்லிக் குடுங்க, காணும்” என்று கேட்கும் பெற்றோருக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஸ்கூட்டி ஓட ஒரு மணித்தியாலம் சொல்லிக் கொடுத்துவிட்டு, அன்று பின்னேரமே கல்லடிப் பாலத்தில் தனியாக விடுவீர்களா? முதலில் வளவுக்குள், பிறகு ஒழுங்கையில், அப்புறம்தானே பெரிய ரோட்டு? தற்காப்பு என்றதும் அந்த நிதானம் எங்கே போகிறது? ஒருவன் உண்மையாகவே கையைப் பிடிக்கும்போது நெஞ்சு படபடக்கும், விரல் நடுங்கும், சிலருக்கு உடம்பே உறைந்துபோகும். அந்த நேரம் நுணுக்கமான பிடி எதுவும் கைக்கு வராது. நூற்றுக்கணக்கான தடவை செய்து பழகிய எளிய அசைவுதான் வரும். வீடியோவில் அழகாக விழுகிறாரே, அவர் விழுவதற்கென்றே நிற்கிறவர்.

என் வகுப்பில் முதல் மூன்று கிழமையும் விழத்தான் பழக்குவேன். “காசு கட்டினது உருளுறதுக்கா?” என்று ஒரு தகப்பன் கோபித்தார். நாடியை நெஞ்சோடு சேர்த்து உருண்டு விழ, கையில் கட்டோடு வந்த அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் கையை ஊன்றியிருக்க மாட்டாள் ஐயா.

அடுத்தது குரல். மெதுவாகக் கதை என்று சொல்லியே வளர்த்த பிள்ளைகளுக்கு “விடு!” என்று கத்துவது உதைப்பதைவிடக் கஷ்டம்.

பிறகுதான் பிடியிலிருந்து கழருவது. பிடித்தவனின் பெருவிரல் பக்கமாகக் கையை இழுக்க வேண்டும் என்பது இரண்டு நிமிடப் பாடம். அது ஆபத்தில் கைகொடுக்க மாதக்கணக்கு வேண்டும். முதலில் தோழி மெதுவாகப் பிடிப்பாள். பத்துக்கு எட்டுத் தடவை கழர்ந்தால் இறுக்கிப் பிடிப்பாள். பிறகு எந்தக் கை என்று சொல்லாமல், அதன் பிறகு மைதானத்தை மூன்று சுற்று ஓடிக் களைத்த நிலையில். தடுமாறினால் ஒரு படி கீழே இறக்குவேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என்னைப் போல் பழக்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: தோழிக்குப் பாவம் பார்த்துப் பிடியைத் தளர்த்துகிறார்களா என்று கவனியுங்கள். 1882இல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, வரிசை மாறாத அசைவுகளான காத்தாவோடு, எதிராளி உண்மையாக எதிர்க்கும் ரந்தோரிப் பயிற்சியையும் சேர்த்தே பழக்கினார்.

வீட்டில் கழுத்துப் பிடி பழகவே வேண்டாம். சீமெந்தில் விழ வேண்டாம், கடற்கரை மணல் இருக்கிறது. மோதிரம், காப்பு கழற்றுங்கள். ‘போதும், விடு’ என்று ஒருவர் கையால் தட்டினால் அந்தக் கணமே விட வேண்டும். பெற்றோர் இருந்து பார்க்கக் கூடாது என்று சொல்லும் வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள், தயவு செய்து. பிடி கழர்ந்ததும் நின்று அடிக்காமல் ஆட்கள் இருக்கும் பக்கம் ஓடச் சொல்லுங்கள். பொலிஸ் 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929. இன்றே போனில் போட்டுக் கொடுங்கள்.

அந்தப் பிள்ளை கட்டு அவிழ்க்கும்வரை எதையும் பிடிக்கவோ விழவோ மாட்டாள். ஆனால் வரும் சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். கத்திப் பழகக் கை தேவையில்லை.