‘நிதி ஒதுக்கப்பட்டுள்ளது’ என்றால் பணம் வந்துவிட்டதா?

ஊர்ச் சாலைக்கு 2 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது என்று செய்தி வந்து ஒன்றரை ஆண்டு ஆகியும் ஒரு லோடு ஜல்லிகூட இறங்கவில்லை என்றால், ‘அந்தப் பணம் எங்கே போச்சு’ என்ற கேள்விதான் முதலில் எழும். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, பணம் வந்ததா என்பது.

ஒதுக்குதல் என்றால் ஓரமாக எடுத்து வைத்தல். சம்பளம் வந்ததும் வாடகைக்கென்று தனியாக எடுத்து வைக்கிறோமே, அதுவும் ஒதுக்குவதுதான். ஆனால் அங்கே பணம் கையில் இருக்கிறது. அரசாங்கம் ஒதுக்கும்போது பெட்டியில் பணம் இருக்க வேண்டும் என்பதில்லை. வரி ஆண்டு முழுக்க வந்துகொண்டிருக்கும். அரசு நடைமுறையில் நிதி ஒதுக்கீடு என்பது ஓர் அனுமதி: இந்தக் காரியத்துக்கு, இந்த நிதியாண்டுக்குள், இந்தத் தொகைக்கு மிகாமல் செலவழிக்கலாம்.

இந்த அனுமதியைத் தருவது சட்டமன்றம். அரசியலமைப்பின் 202-ஆவது பிரிவின்படி நிதிநிலை அறிக்கை வைக்கப்படுகிறது. 203-இன்படி துறைவாரியாக மானியக் கோரிக்கைகள், அதாவது இவ்வளவு செலவழிக்க அனுமதி வேண்டும் என்ற கோரிக்கைகள், வாக்கெடுப்புக்கு வருகின்றன. தமிழ்நாட்டில் நெடுஞ்சாலைகளுக்கு 21, ஊரக வளர்ச்சிக்கு 42, பள்ளிக் கல்விக்கு 43 என்று ஒவ்வொரு கோரிக்கைக்கும் எண் உண்டு. எல்லாம் நிறைவேறிய பிறகு 204-இன்படி நிதி ஒதுக்கச் சட்டம். அது இல்லாமல், அரசின் வரவு சேரும் தொகுப்பு நிதியத்திலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது, அறிவிப்பு வேறு, ஒதுக்கீடு வேறு. சட்டமன்ற விதிகளில் 110-ஆவது விதியின்கீழ் அவையில் படிக்கப்படும் அறிவிப்புகள் பலவற்றுக்கு, ஏற்கெனவே அச்சாகிவிட்ட பட்ஜெட் புத்தகத்தில் இடமிருக்காது. புதிய பணி என்றால் பிறகு துணை மதிப்பீட்டில் (பட்ஜெட்டுக்குப் பின் வரும் கூடுதல் செலவுக் கணக்கில்) சேர்த்து அவையின் ஒப்புதலைப் பெற வேண்டும். அதே கோரிக்கையில் வேறு இடத்தில் மிச்சம் இருந்தால் வெறும் 1,000 ரூபாய் அடையாளத் தொகையாகக் காட்டுவார்கள். மீதியை மறு ஒதுக்கீடு செய்துகொள்ளலாம். ஆகவே துணை மதிப்பீட்டில் 1,000 ரூபாய் என்று பார்த்துவிட்டு ‘பாலத்துக்கு ஆயிரம் ரூபாயா’ என்று யாரும் கேலி செய்ய வேண்டாம். கதவைத் திறந்து வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒதுக்கீட்டுக்குப் பிறகுதான் நீண்ட பாதை. துறை அரசாணை போட்டு நிர்வாக ஒப்புதல் தர வேண்டும். பொறியாளர்கள் மதிப்பீட்டைச் சரிபார்த்துத் தொழில்நுட்ப ஒப்புதல் தர வேண்டும். பிறகு 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிச் சட்டத்தின்படி டெண்டர், அதன்பின் பணி ஆணை. வேலை நடக்க நடக்க அதை அளந்து அளவுப் புத்தகத்தில் பதிந்து, பில் போட்டு, கடைசியில்தான் பணம் நகர்கிறது. பெரும்பாலான வேலைகள் சிக்குவது நடுவழியில்: நிலம் கைக்கு வரவில்லை, மின்கம்பத்தை மாற்றவில்லை, டெண்டருக்கு ஆள் வரவில்லை, வந்தவர் மதிப்பீட்டைவிட அதிகம் கேட்டார். அதற்குள் மார்ச் 31 வந்துவிட்டால் செலவழியாத ஒதுக்கீடு காலாவதி. அடுத்த ஆண்டு புதிதாக ஒதுக்க வேண்டும். மார்ச் மாதத்தில் மட்டும் அலுவலகங்களில் பில்கள் குவிவதற்கும், செலவானதாகக் காட்டிப் பணத்தை வைப்புக் கணக்கில் போட்டுவைப்பதற்கும் இதுவே காரணம். இரண்டாவது பழக்கத்தைத் தணிக்கைத் துறை பலமுறை குறை சொல்லியிருக்கிறது.

எனவே செய்தியில் வரும் வினைச்சொல்லைப் பாருங்கள். ‘அறிவிக்கப்பட்டுள்ளது’ என்றால் இன்னும் எதுவும் இல்லை. ‘ஒதுக்கப்பட்டுள்ளது’ என்றால் உச்சவரம்பு இருக்கிறது. ‘நிர்வாக ஒப்புதல் அளிக்கப்பட்டுள்ளது’ என்றால் ஆணை இருக்கிறது. ‘விடுவிக்கப்பட்டுள்ளது’ என்றால்தான் பணம் நகர்ந்திருக்கிறது; அப்போதும் அது செலவாகிவிட்டது என்று பொருளில்லை. செய்தி எழுதுபவர்கள் நான்கையும் கலந்துகட்டி எழுதுவதால்தான் பாதி குழப்பம்.

அரசாணை கையில் கிடைத்தால் முதல் பத்தியில் உள்ள தொகையோடு நிற்காமல் கடைசிப் பத்திகளுக்குப் போங்கள். எந்தக் கணக்குத் தலைப்பில் செலவு எழுதப்படும் என்று அங்கே இருக்கும். அந்த எண் 2 அல்லது 3-இல் தொடங்கினால் சம்பளம், பராமரிப்பு போன்ற வருவாய்ச் செலவு. 4 அல்லது 5-இல் தொடங்கினால் கட்டடம், பாலம் போன்ற மூலதனச் செலவு. ‘நிதித் துறையின் அ.சா. எண்’ என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அது நிதித் துறை இசைந்திருப்பதற்கான அடையாளம்.

ஒதுக்கீட்டில் இன்னொரு வகை உண்டு: இதற்கு மட்டும்தான் என்று கட்டிப்போட்டது. 15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காடு அப்படிப்பட்டது. அதில் பாதி துப்புரவுக்கு, பாதி குடிநீருக்கும் மழைநீர் சேகரிப்புக்கும். மிச்சம் 40 விழுக்காட்டை ஊராட்சி தன் தேவைக்கேற்பச் செலவழிக்கலாம் என்றது அந்தக் குழு, சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் தவிர. கிராம சபையில் ‘இத்தனை லட்சம் கிடக்கிறதே, தெருவிளக்கு போடக் கூடாதா’ என்று கேட்கும்போது தலைவர் முடியாது என்றால், பணம் எந்தக் கணக்கில் கிடக்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்வது நியாயமாகவும் இருக்கலாம்.

‘எம்.பி. நிதி’யிலும் இதே குழப்பம். ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் என்பது உறுப்பினர் கையில் கொடுக்கப்படும் பணமில்லை. எந்த வேலை என்று அவர் பரிந்துரைப்பார். ஒப்புதல் தந்து செய்து முடிப்பது மாவட்ட நிர்வாகம். அதிலும் குறைந்தது 15 விழுக்காடு பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும், 7.5 விழுக்காடு பழங்குடியினர் பகுதிகளுக்கும் பரிந்துரைக்க வேண்டும்.

சொந்த ஊர் வேலையைத் தேடிப் பார்க்க, பட்ஜெட் ஆவணத்தில் அந்தத் தலைப்புக்கு நேராக உள்ள நான்கு கட்டங்களையும் படியுங்கள். 2025-26 புத்தகத்தில் 2023-24-க்கு உண்மைக் கணக்கு, 2024-25-க்கு முதல் மதிப்பீடும் திருத்திய மதிப்பீடும், பிறகு 2025-26-க்கான மதிப்பீடு. முதல் மதிப்பீட்டைவிடத் திருத்திய மதிப்பீடு வெகுவாகக் குறைந்திருந்தால், ஒதுக்கியது அந்த ஆண்டில் செலவாகவில்லை என்று அரசே ஒப்புக்கொள்கிறது.

புத்தகத்தில் கிடைக்காததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். ‘ஏன் வேலை நடக்கவில்லை’ என்று எழுதாதீர்கள். காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று தட்டிக்கழிப்பார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: நிர்வாக ஒப்புதல் அரசாணையின் நகல், ஒதுக்கப்பட்ட தொகை, விடுவிக்கப்பட்ட தொகையும் நாளும், இதுவரை செலவான தொகை, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் பக்கங்கள். இதில் எந்த இடத்தில் ‘இல்லை’ என்று பதில் வருகிறதோ, வேலை நிற்பது அங்கேதான்.